ஐந்தருவிச் சாலையில் ஒரு பந்தி

செல்வினுக்கு,

'அன்புள்ள' என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அன்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நான் கோபத்தில் எழுதுகிறேன். அதை மறைத்து மேலே ஒரு நல்ல வார்த்தையைப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பாவிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே செய்யாத பிள்ளைகளை மைதானத்தில் நிற்க வைத்துத் திட்டிவிட்டேன். கண்டவர்கள் மேல் காட்டுவதைவிட உரியவனிடமே காட்டிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் கமிட்டிக் கூட்டத்தில் சத்தம் போட்டு வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். பாங்க் வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கப் போகிறாய். சாரல் சீசனில் குற்றாலத்தை ஒட்டி ஒரு போட்டி நடத்துகிறீர்கள். தொடக்க விழாவில் பழைய நிர்வாகிகளுக்கு மேடையில் பொன்னாடை. எனக்கும் ஒன்று உண்டு, அதுவும் தலைவர் மாசிலாமணி அண்ணாச்சி கையால். 'பழசையெல்லாம் மறந்திரும்மா, அண்ணாச்சியே உங்களைப் பத்தி உசத்தியாச் சொன்னாரு' என்று எழுதியிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரமாட்டேன். மேடைக்கும் வரமாட்டேன், மேடைக்குக் கீழேயும் வரமாட்டேன். ஏன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாநிலச் சங்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஐந்தருவிச் சாலை விருந்தினர் மாளிகையில் அறை போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் சொல்லியாயிற்று. அருவிக்குப் போக வர கார் சொல்லியாயிற்று. திரும்பும்போது வீட்டுக்கு எடுத்துப் போக நேந்திரங்காய் வற்றல்கூடச் சொல்லியாயிற்று. விளையாட வருகிற பையன்கள் எங்கே படுப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று ஒரு வரி இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் மறந்திருப்பார் என்று விட்டுவிடுவேன். நீ எழுதியிருக்கிறாய். அதே சாலை, அதே கட்டிடம். உன் அம்மாவுக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தும் எழுதியிருக்கிறாய்.

அல்லது தெரியாதோ? அப்போது நீ பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தாய். வீட்டுக்கு வந்தபோது காதில் விழுந்தது பாதி, மற்றவர்கள் சொன்னது பாதி. நானும் உட்கார்ந்து முழுசாகச் சொன்னதில்லை. இப்போது கேள்.

தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக நான் சேர்ந்தபோது, பிள்ளைகளுக்கு வளையப்பந்தும் கோகோவும் போதும் என்றார்கள். பிள்ளைகள் கேட்டது கால்பந்து. உள்ளூர் ஆண்கள் ஆடுவதை மதில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்து தேங்காய் அளவு ரப்பர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கற்றுக்கொடுத்தேன். இரண்டு பள்ளிக்கூடங்கள் மோதலாம் என்று ஏற்பாடு செய்தால் நடுவராக வர ஓர் ஆள் இல்லை. 'பொட்டப்புள்ளைக ஆடுத ஆட்டத்துக்கு ரெஃப்ரி எதுக்கு டீச்சர்? சும்மா உதைச்சிட்டுப் போட்டும்' என்று சிரித்தார்கள். விதியில்லாமல் உதைப்பதற்கு நான் எதற்குப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட வேண்டும்? திருநெல்வேலிக்குப் போய் நடுவர் பரீட்சை எழுதினேன். அங்கே ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சேலையோட எப்படிம்மா ஓடுவீங்க?" என்றார். "வாங்க, ரெண்டு பேரும் ஓடிப் பாப்போம்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்டதெல்லாம் விதிகளைப் பற்றித்தான்.

உன் அப்பா தன்னுடைய வெள்ளைப் பேண்டு ஒன்றைத் தையல்காரரிடம் கொண்டுபோய் எனக்கு அளவாகப் பிடிக்கச் சொன்னார். யாருக்கு என்று தையல்காரர் கேட்டதற்கு, "எங்க வீட்டு ரெஃப்ரிக்கு" என்றாராம். கரண்ட் ஆபீசில் அதற்காக அவரை எவ்வளவு கேலி செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள்கூட அதை வீட்டுக்குள் கொண்டுவந்து என் தலையில் போட்டதில்லை. அந்த மனிதரின் மகன் நீ என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

பெண்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதினேன். ஆண்கள் ஆட்டத்துக்கு எல்லைக் கோட்டில் கொடியோடு ஓட விட்டார்கள், அதுவும் ஆள் இல்லாத குறைக்கு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடந்த இறுதி ஆட்டம் உனக்கு நினைவிருக்கும், அப்பாவோடு வந்திருந்தாய். முதல் பாதி முடிகிற நேரத்தில் நடுவருக்குக் கணுக்கால் பிசகியது. கோட்டில் நின்ற இருவரில் நான்தான் மூத்தவள். விதிப்படி நான் நடுவுக்குப் போக வேண்டும். போனேன். கூட்டம் கூச்சல் போட்டது, போடட்டும் என்று விட்டேன். ஆட்டம் சமமாக இருந்தது. முடியப் போகிற நேரத்தில் செங்கோட்டைக்காரன் ஒருவன் பந்தோடு உள்ளே வந்தான். தென்காசி கேப்டன் அவன் காலைத் தட்டிவிட்டான், பெனால்டி எல்லைக்குள், என் கண் முன்னால். ஊதினேன். பெனால்டிப் புள்ளியைக் காட்டினேன்.

கேப்டன் மூச்சு இரைக்க என் முன்னால் வந்து நின்றான். "ஏட்டி, இங்கன என்னத்துக்கு ஊதுத? வீட்டுக்குப் போயி அடுப்ப ஊது போ" என்றான். மைதானம் முழுக்கச் சிரித்தது. 'ஏட்டி' என்பது உன் அப்பா வீட்டில் நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிற சொல்தான். அவர் கூப்பிட்டால் எனக்கு அதில் காப்பி வேண்டும் என்பது தெரியும், செருப்பைக் காணவில்லை என்பது தெரியும். இவன் வாயில் அது வேறு சொல். சிவப்பு அட்டையெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. கையை நீட்டி வெளியே போகச் சொன்னேன். அவன் அசையவில்லை. "நீ போற வரைக்கும் பெனால்டியும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. நான் இப்படியே நிப்பேன்" என்றேன். ஒரு கல் வந்து என் முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவனுடைய ஆட்களே அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். செங்கோட்டை ஜெயித்தது. அன்றைக்கு வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாய், விடவே இல்லை. நீ பயந்துபோயிருந்தாயா பெருமைப்பட்டாயா என்று நான் கேட்கவில்லை.

மாசிலாமணி அண்ணாச்சி அன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் முதலாளி, சங்கத்தின் தலைவர், ஊரில் அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சர், உங்கள மாதிரி தைரியசாலி நிர்வாகத்துக்கு வரணும். இணைச் செயலாளரா இருங்க, பொம்பளப் பிள்ளைக ஆட்டம் முழுக்க உங்க பொறுப்பு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாதான் கேட்டார்: "அப்போ விசிலு ஊதுதது?" அண்ணாச்சி சிரித்தார். "நிர்வாகிங்க மேட்ச் எடுக்கப்பிடாதுல்லா சார், அது சங்கத்து விதி. இனிமே டீச்சரல்லா எங்களுக்கு விசிலு." காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்து, "ஏட்டி, ஒன்னைய கிரவுண்ட விட்டுத் தூக்கிட்டானுவ" என்றார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் கேள், என்னைத் தூக்கிப்போட்ட இடத்தில் நான் சும்மா இருக்கவில்லை. கூட்டம் நடந்தால் தட்டில் மாலையை ஏந்திக்கொண்டு மேடையில் நிற்கச் சொல்வார்கள். மாலைத் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மைதானம் எந்தக் கிழமை கிடைக்கும் என்று கேட்பேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் தலைமை ஆசிரியைகளிடம் சண்டை போட்டேன். பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு ஆட வேண்டும் என்பதற்காக எத்தனை வீட்டு வாசலில் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை நம் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தாள். நல்ல உயரம், அகலமான கை, கோலுக்கு முன்னால் சரளைத் தரையில் விழுந்து எழுந்து பந்தைப் பிடிப்பாள். அவளுடைய அப்பா பருத்திக் காட்டிலேயே நிறுத்தி வைத்து என்னிடம் கேட்டார்: "பந்து உதைச்ச புள்ளன்னா யாரு டீச்சர் கட்டுவா?" நான் சொன்னேன்: "உதைக்க மாட்டா, புடிப்பா. மாநில அணியில எடுத்துட்டாங்கன்னா மெட்ராஸ்ல காலேஜுல சீட்டு, ஹாஸ்டலு. பெறகு அவளக் கேட்டு வருதவனைப் பாத்துக்கிடலாம்." அந்த மனிதர் குனிந்து, வெடித்திருந்த பருத்தி ஒன்றைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சரி என்றார். என் வாயை நம்பித்தான் சரி என்றார்.

பிறகு அந்தப் போட்டி வந்தது, மாவட்டங்களுக்கு இடையிலான பெண்கள் போட்டி. நம் ஊருக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும். மாநில அணிக்கு ஆள் எடுப்பதும் அதில்தான். ஆட்டம் தென்காசியில், தங்குவது குற்றாலத்தில், ஐந்தருவிச் சாலை விருந்தினர் மாளிகையில். பிள்ளைகளுக்கு என்று அறைகளை நானே போய்ப் பார்த்துப் போட்டேன். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றுகூடப் பார்த்தேன். பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கின அன்று காலையில், அறைகளில் எல்லாம் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மாநிலத்திலிருந்து வந்த நிர்வாகிகள், அவர்கள் மனைவி மக்கள், மாமனார், மைத்துனர். நல்ல சீசன், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. யார்தான் வர மாட்டார்கள்?

என் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் போட்டார்கள். ஒரு பக்கம் சுவர் கிடையாது, தார்ப்பாய் கட்டியிருந்தது. சாரல் உள்ளே அடித்தது. கக்கூஸ் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற ஆண்கள் கூட்டம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும். நான் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். மாளிகையின் பின்பக்கம் கோவணத்தோடு பலகையில் படுத்திருந்தார், ஒருவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்துகொள்ளக்கூட இல்லை. "டீச்சர், பெரிய மனுசங்க சீசனுக்கு வந்திருக்காங்க. ரெண்டு நாளு அனுசரிச்சுக்கோங்க. சாப்பாடு இங்கன இருந்துதான அனுப்புதோம்?" என்றார். சாப்பாடு அனுப்பினார்கள், உண்மைதான். இவர்கள் அருவியிலிருந்து வந்து, பந்தி முடிந்து, மிச்சத்தை ஒன்றாகக் கிளறி, தூக்குவாளியில் ஆறின சோறாக அனுப்பினார்கள். பிள்ளைகள் அதைத் தின்றுவிட்டு ஆடினார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள்.

அரையிறுதி ஆட்டத்தன்று மத்தியானம் பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது குடித்திருந்த ஒருவன் தார்ப்பாயைத் தூக்கிவிட்டான். பேச்சியம்மாள் அவனைப் பிடித்துத் தள்ளினாள், சாக்கடையில் போய் விழுந்தான். போலீஸ்காரர் ஒருவர் வந்து என் பிள்ளைகளைத்தான் அதட்டினார். சங்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்க வரவில்லை. "பேப்பர்காரனுக்குத் தெரிஞ்சா அசிங்கம் டீச்சர், அந்தப் பிள்ளைகிட்டக் கொஞ்சம் அடக்கமா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்ல வந்தார். ஆட்டத்துக்குப் பஸ் ஏற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. தூக்குவாளி இன்னும் வரவில்லை. ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், ஒரு டீயாது குடிச்சிட்டு ஏறலாமா?" என்று மெதுவாகக் கேட்டது. 

"எல்லாரும் எந்திங்க. வரிசையா வாங்க" என்றேன். கொட்டகையிலிருந்து கடைத்தெரு வழியாக, ஆட்ட உடையோடு, சேறு பட்ட பூட்ஸோடு அத்தனை பேரையும் ஐந்தருவிச் சாலையில் நடத்திக் கூட்டிப் போனேன். மாளிகையின் சாப்பாட்டு அறையில் நிர்வாகிகளுக்காக இலை போட்டிருந்தது, தண்ணீர் வைத்திருந்தது, தேங்காய்ப்பால் சொதி மணத்தது. அவர்கள் அருவியில் இருந்தார்கள். "உக்காருங்க" என்றேன். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்று, "டீச்சர், இது பெரியவங்களுக்கு..." என்று இழுத்தார். "ஆடுதவங்களுக்குப் போடுங்க. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். அவர் தயங்கினார். அப்போது உள்ளறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், மாநில நிர்வாகி ஒருவரின் மனைவி. பிள்ளைகளின் முழங்காலில் இருந்த காயத்தையும் சேற்றையும் பார்த்தார்.  பரிமாறுகிறவர் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தாமே பரிமாற ஆரம்பித்தார். அந்த அம்மாளின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதிச் சாப்பாட்டில் ஆண்கள் வந்தார்கள். தலையில் ஈரம் சொட்ட, தோளில் துண்டோடு வாசலில் நின்றார்கள். மாசிலாமணி அண்ணாச்சி, "டீச்சர், என்ன காரியம் செய்யுதீங்க?" என்றார். நான் சொன்னேன்: "பிள்ளைகளுக்கு நேரமாச்சு அண்ணாச்சி. அவுக சாப்பிட்டதும் நீங்க உக்காரலாம்." யாரும் அடிக்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. நின்றார்கள். இலையை எடுக்கிறவரை நின்றார்கள். அன்று மாலை பேச்சியம்மாள் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தாள். ஜெயித்தோம். சங்கத்தின் பெயரில் நம் மாவட்டத்துப் பெண்கள் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.

மறுநாள் நல்ல வெயில். மழை காரணமாக இறுதி ஆட்டம் ரத்து என்றார்கள். மாநில அணிக்கு எடுத்த பெயர்களில் நம் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. பெண்கள் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாகத் தீர்மானம் போட்டார்கள், ஒழுங்கு கெட்டுவிட்டதாம். அந்தத் தற்காலிகம் இன்றைக்கும் முடியவில்லை. என்னைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மைதானத்தில் அநியாயம் நடந்தால் ஊரே பார்க்கிறது, கல்லாவது எறிகிறது. அறைக்குள் நாலு பேர் கூடி ஒரு தீர்மானத்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் ஆட்டத்தை நிறுத்தினால் யார் வந்து கல் எறிவார்கள்? அதைத்தான் நான் நிர்வாகத்தில் கற்றுக்கொண்டேன். வேறொன்றும் கற்கவில்லை.

அந்த வாரம் நீ வீட்டுக்கு வந்தாய். சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நீ பாதியில் நிறுத்தி, "ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவாம்மா இம்புட்டும்?" என்று கேட்டாய். நான் பேசுவதை விட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக அதற்குப் பதில் சொல்லவில்லை. உனக்கு அப்போது பதினெட்டு வயது, புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உனக்கு வயதும் ஆகிவிட்டது, பதவியும் வந்துவிட்டது. ஆமாம் செல்வின், ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத்தான். உன் அம்மா சோறு பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, நீ தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டாய். ஆடிக் களைத்த பிள்ளைக்குச் சூடாக ஒரு வாய் சோறு, படுக்க ஒரு சுவர், மாற்றிக்கொள்ள ஒரு கதவு, இவ்வளவுதான் உன் சங்கத்தின் வேலை. மற்றதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள்தானே ஆடுகிறார்கள்?

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் இத்தனை பக்கம் எழுத மாட்டேன். நீ எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்குகிற பிள்ளை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நீ பின்களத்தில் ஆடும்போது எதிராளி விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுவாய், நடுவர் தப்பாக ஊதினாலும் சிரித்துக்கொண்டே திரும்பி நடப்பாய். பார்க்கிறவர்கள் உச்சிமுகர்வார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தும். அந்த மாதிரிப் பிள்ளையைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார வைத்தால் உனக்கு அவர் சொல்வதெல்லாம் நியாயமாகவே படும், ஏனென்றால் அவர் இனிமையாகச் சொல்வார். ஆகவே அவர் பக்கத்தில் உட்காராதே. போட்டி நடக்கிற நாட்களில் பையன்கள் படுக்கிற இடத்தில் நீயும் பாயை விரித்துப் படு. அவர்கள் கை கழுவிய பிறகு உன் இலையைப் போடச் சொல். அவர்கள் போகிற கக்கூசுக்கு நீயும் போ. இதற்கெல்லாம் தீர்மானம் வேண்டாம், இத்தனை பேர் கூட வேண்டும் என்கிற கோரம் வேண்டாம். செய்து பார். யாருடைய முகம் சுளிக்கிறது என்பதை வைத்தே உன் சங்கத்தில் யார் யார் எதற்கு இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

உன் கடிதம் வந்த பிறகு நான் பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், மடியில் முறம், பக்கத்தில் அவளுடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். பழைய கதை பேசிச் சிரித்தோம். பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே? அன்னைக்கு அந்தப் பந்தியில உக்காராம, ஒரு நேரம் பட்டினியா ஆடியிருந்தோம்னா நான் மெட்ராஸுக்குப் போயிருப்பேன்லா?"

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள். "கோவப்பட்டது நீங்க. நியாயமாத்தான் கோவப்பட்டீங்க. ஆனா ஒங்களுக்குப் பள்ளிக்கூடத்து வேலை அப்படியே இருந்துச்சு. ஆட்டம் போனது எங்களுக்குத்தான டீச்சர்?"

பட்டினி கிடந்தால் அணியில் இடம், சாப்பிட்டால் வெளியே என்று ஒரு பிள்ளைக்கு முன்னால் வைத்தவர்கள் யார் என்று நான் கேட்டிருக்கலாம். அதுதான் நியாயமான பதிலும்கூட. ஆனால் அந்த வீட்டில், அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு அதை நான் சொல்லவில்லை. அவள் கேள்வி தப்பு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உனக்கும் கிடையாது. அதற்குப் பதிலாக, நீ செயலாளராகியிருப்பதைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"நம்ம செல்வினா? அப்போ நேர்லயே கேட்டுருதேன் டீச்சர். எதுக்கு எங்கள நிறுத்துனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எங்ககிட்டச் சொல்லலை. தின்னதுக்கா, அந்தக் குடிகாரனத் தள்ளுனதுக்கா, இல்ல பொட்டப்புள்ளையாப் பொறந்ததுக்கா? எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

நான் அவளைத் தடுக்கவில்லை. தூண்டிவிடவும் இல்லை. வியாழக்கிழமை பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு உன் சங்க ஆபீசுக்கு வருகிறாள். அவளோடு ஆடிய இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். வாசலில் இருக்கிறவரிடம் இப்போதே சொல்லி வை, அவர்களை வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது. பெண்கள் பிரிவைத் திறக்கப் போகிறாயா, திறக்க முடியாவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டு இறங்கி வரப் போகிறாயா என்பதை வியாழக்கிழமைக்குள் யோசித்து வைத்துக்கொள். அவளிடம் இனிமையாகப் பேசாதே. தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாதே. உள்ளே வந்ததும் அவர்களை உட்காரச் சொல். அவள் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீ எழுந்து நில்.

அம்மா